வெட்டாத பாட்டு

"மண்ணப் போடு கண்ணு, எல்லாரும் நிக்கறாங்க பாரு" என்று தாய்மாமன் வெள்ளியங்கிரி முழங்கையைத் தொட்டபோதுதான் ரூபனுக்குத் தன் கையில் மண் இருப்பதே உறைத்தது. குனிந்து போட்டான். பெட்டியின் மேல் 'தொப்'பென்று விழுந்த சத்தம் விழுந்த இடத்திலேயே நின்றுபோனது. திறந்தவெளியில் சத்தத்துக்கு முட்டித் திரும்பச் சுவர் ஏது? பெற்றவளைப் புதைக்கிற நேரத்திலும் இந்தக் காது இதைத்தான் கவனிக்கிறது. பாழாய்ப்போன காது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டான்.

திட்டாமல் என்ன செய்வது? நேற்று மத்தியானம் மூன்றரை மணிக்கு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "கண்ணு" என்று அம்மாவின் குரல் கேட்டது. கேட்டும் அவன் எழுந்து போகவில்லை. நாலு மணிக்குக் கூடத்துக் கட்டிலில் அம்மா பாவாத்தாள் செத்துக் கிடந்தாள். இதை அவன் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வெள்ளியங்கிரி கூடவே நடந்தார். நெற்றியில் திருநீறோடு போதகரின் ஜெபத்துக்குக் கடைசிவரை கை கட்டி நின்றவர். அக்காள் வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவளானாலும் அக்காள்தானே.

"நேத்து நீ ஊட்லதான இருந்த?"

"இருந்தனுங்க மாமா."

"அப்பறம் என்ன கண்ணு. பெத்த மவன் கூப்புடு தூரத்துல இருக்க, தூக்கத்துலயே போயிட்டா. மகராசி, குடுத்து வெச்சவ."

ஆறுதலாகத்தான் சொன்னார். ரூபனுக்கு அது வெந்த புண்ணில் வேலாகப் பாய்ந்தது. தூக்கத்தில் போனவள் எப்படிக் கூப்பிடுவாள்?

கணபதி என்கிற பகுதியில் அவர்கள் வீடு சின்னது. கூடம், சமையல்கட்டு, வெளிச்சத்தம் புகாமலிருக்கக் கதவில் முட்டை அட்டை ஒட்டிய ஓர் அறை. அந்த அறைதான் ரூபனின் ஸ்டுடியோ. மூன்று மாதத்துக்கு முன் பெரியநாயக்கன்பாளையத்துச் சபையின் பாடகர் குழு இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பத்துப் பாட்டுப் பாடிவிட்டுப் போயிருந்தது. அறுப்பின் பண்டிகைக்குக் கேசட் போட வேண்டும். அவர்கள் கோயிலுக்குத் தகரக் கூரை. அதனால், "பெரிய கோயிலுக்குள்ள நின்னு பாடுனாப்புடி இருக்கோணும்ங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படி ஒரு கூடத்தைப் பாட்டுக்குக் கட்டிக்கொடுப்பதற்குப் பெயர் ரிவர்ப். ஸ்டுடியோக்காரர்கள் அதற்கென்று தனி மிஷின் வைத்திருப்பார்கள். ரூபனிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், அதை ஓட்டுவதற்குப் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடி ஒன்றும்தான். லினக்ஸில் ஓடுகிற ரிவர்ப் சாப்ட்வேர் மூன்றைச் சிநேகிதன் அருண்குமார் பிரௌசிங் சென்டரில் இறக்கி, பிளாப்பியில் கொண்டுவந்து கொடுத்தான். எதை வைத்துக்கொள்வது என்று நேற்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரிவர்ப்பின் லட்சணம் பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டு முடிந்த பிறகுதான் தெரியும். கடைசி எழுத்து எப்படிக் கரைகிறது என்று மூச்சைப் பிடித்துக் கேட்க வேண்டும். முதலாவது சாப்ட்வேர் குழுவைக் குளியலறையில் நிறுத்தியது. இரண்டாவது கிணற்றுக்குள் இறக்கியது. மூன்றாவதில் நிஜமாகவே ஒரு பெரிய கோயில் எழும்பி நின்றது. அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். பாட்டு முடிந்து, அந்த ஒலி தேய்ந்து தேய்ந்து போன இடத்தில்தான் "கண்ணு" என்று கேட்டது.

உடனே பாட்டை நிறுத்தினான். ஹெட்போனை ஒரு காதிலிருந்து தூக்கிப் பார்த்தான். தெருக்குழாயில் குடம் இடிபடும் சத்தம், பக்கத்துப் பட்டறையில் கிரைண்டிங் சத்தம். அவ்வளவுதான். பிரமையாக இருக்கும், கூட மனைவி கிருபாதான் இருக்கிறாளே என்று ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டான். கிருபாவோ அப்போது தெருக்குழாயில் சிறுவாணிக் குடிதண்ணிக்கு வரிசையில் நின்றிருந்தாள். அது அவனுக்குத் தெரியாது.

பாட்டுக்குள்ளேயே இருந்த சத்தமாக இருக்கக் கூடாதா என்று ராத்திரி முழுக்க யோசித்தாயிற்று. வழியில்லை. பத்துப் பாட்டையும் கடைசிச் சுரத்தோடு வெட்டி, பின்னால் இருந்த சத்தத்தை நீக்கி வைத்தவன் அவனேதான்.

வீட்டைக் கழுவிவிட்டு எல்லோரும் போனபின் பக்கத்து வீட்டு மயிலாத்தாள் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தாள். நேற்றிலிருந்து ரூபன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏனுங்க, ரெண்டு வாயாச்சும் சாப்புடுங்க" என்றாள் கிருபா. அவன் சோற்றைத் தள்ளி வைத்தான். அவளே மறுபடி பேசினாள். "நாந்தானுங்க பாவி. கடைசி நேரத்துல தண்ணிக்குப் போயிட்டன். ஒத்தையில உட்டுப்போட்டன்."

அவள் பாவி இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய்வரை வந்தது. அதற்கு முதலில் தன் பாவத்தைச் சொல்ல வேண்டும். எழுந்து அறைக்குள் போய்விட்டான்.

கம்ப்யூட்டரின் மேல் யாரோ பெட்ஷீட்டைப் போர்த்தியிருந்தார்கள். உள்ளே அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போகாதது கணபதியில் அதிசயம். கறுப்புத் திரையில் கடைசியாக அடித்த கட்டளை அப்படியே நின்றது. லினக்ஸில் மேல்நோக்கிய அம்புக்குறிச் சாவியைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும். சும்மாதான் தட்டினான். நேற்றுக் கடைசியாக ஓட்டியது, அதற்கு முன், அதற்கும் முன். மூன்றாவது சாப்ட்வேரை முதன்முதலாக ஓட்டிய வரி வந்தது.

விரல் நின்றுவிட்டது. மற்ற வரிகளில் எல்லாம் பாட்டின் பெயர் 'ஏழு-வெட்டியது' என்று இருந்தது. இந்த ஒரு வரியில் வெறும் 'ஏழு'. அவசரத்தில் வெட்டாத பாட்டைக் கொடுத்திருக்கிறான். பாட்டு முடிந்த பிறகும் கூடத்தில் ஓடிய சத்தமெல்லாம் அதில் இருக்கும்.

நேற்றுக் கேட்டதை அதேபோல் திரும்பக் கேட்க என்டரைத் தட்டினான். அந்தப் பழைய மிஷின் ஒரு பாட்டைச் செய்து முடிக்க இருபது நிமிஷம் ஆகும்.

"கிருபா."

அவள் வந்து வாசலில் நின்றாள்.

"நேத்து அம்மா கூப்புட்டாங்க கிருபா. எனக்குக் கேட்டுது. நான் போகல." திரையில் இருந்த பாட்டின் பெயரைக் காட்டினான். "இல்ல, கூப்புடாமயும் இருக்கலாம். இதுக்குள்ள இருக்குதான்னு பாக்கறன். இல்லீன்னா..."

அவள் கதவைச் சாத்தினாள். வந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். இருபது நிமிஷமும் இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஷினின் விசிறி மட்டும் இரைந்தது.

முடிந்ததும் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நாலு நிமிஷப் பாட்டு முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஒருவழியாகக் கடைசி வரி வந்து, தேய்ந்து, அடங்கியது.

"கண்ணு!"

கிருபா துள்ளி எழுந்துவிட்டாள். இந்தத் தடவை ரூபன் நிறுத்தவில்லை.

"மோர் கரைச்சு வெச்சிருக்கறன். குடிச்சுப்போட்டு அப்பறம் பண்ணேன்."

அடுத்து வந்தது அவனுடைய குரல். "வாரேம்மா."

நாற்காலி இழுபட்டது. காலடிகள் கேட்டன. டம்ளர் வைக்கிற சத்தம்கூட ஒரு பெரிய கோயிலுக்குள் முழங்கி மெல்ல இறங்கியது. பிறகு, போதகர் பிரசங்கம் செய்வதுபோல, அவன் குரல்: "உப்புப் பத்தலீம்மா."

"பத்தாட்டி எடுத்துப் போட்டுக்கோ. ஏழு கழுத வயசாச்சு, இன்னும் நாந்தான் போடோணுமா?"

பாட வந்த பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு கூரைவரை போய்த் திரும்பி வந்தது.

"இது அம்மாவோட பழைய கொரலுங்க" என்றாள் கிருபா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மூணு வாரமா மூச்சு உடறதுக்கே செரமப்பட்டாங்க. இந்தச் சத்தம் அவங்களுக்கு எங்கீங்க இருந்துது?"

சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இது தோன்றவில்லை பாருங்கள். ரூபன் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். நேற்றிலிருந்து வராத அழுகை. நெஞ்சில் ஏற்றிவைத்த அம்மிக்கல்லை யாரோ இறக்கிவிட்டதுபோல் இருந்தது. பாட்டுப் பதிவு செய்த அன்றைக்கு அம்மா கூப்பிட்டிருக்கிறாள். அவன் போயும் இருக்கிறான்.

"நீயும் பாவி இல்ல, நானும் இல்ல" என்றான் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மூணாவது சாப்ட்வேரே இருக்கட்டும்."

"செரி, எந்திரிங்க. சோறு ஆறிப்போச்சு."

கூடத்தில் கட்டிலை எடுத்துவிட்ட இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கிருபா ரசத்தை ஊற்றினாள். அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். மயிலாத்தாள் எந்தத் துக்கத்தில் செய்தாளோ, உப்பே இல்லை.

கிருபா அவன் முகத்தைப் பார்த்தாள். ரூபன் தானே எழுந்து போய், சமையல்கட்டிலிருந்து உப்பு ஜாடியை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டான்.