இருபத்துநான்கு கிராம் கல்

1

இந்தக் கதை சோம்பலில் பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தான் என்று ஜம்பமாக எழுதிவிடலாம். ஆனால் இது என்னுடைய சோம்பல், ஒரு மதியம், தராசுக்கு முன்னால்.

முதல் தொடக்கம்: ‘மழையில் அவள் சைக்கிள் ஓட்டிக்கொண்டு...’ (வேண்டாம். அவளை நனையவிட்டு நான் ஒதுங்கி நிற்கிற வாக்கியம்.)

இரண்டாவது: ‘ஒரு கம்பெனியில் ஒரு ஊழியன் இருந்தான். அவனுக்கு...’ (யார் இவன்? எனக்கு வசதியான ஆள். போகட்டும்.)

2

நேராகவே சொல்கிறேன். நானும் என் தங்கையும் சைக்கிள் டயர் செய்யும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருந்தோம். அவள் ஓட்டுவாள், நான் நிறுப்பேன். ரப்பர் டயர் ஓட ஓடத் தேய்கிறது. தேய்ந்த தூள் மாயமாவதில்லை. சாலையிலிருந்து சாக்கடைக்கும் அங்கிருந்து ஆற்றுக்கும் போய் மீன் வயிற்றில் உட்கார்ந்துகொள்கிறது. மாற்றாக, ரப்பரும் காற்றும் இல்லாத மெத்தென்ற டயர் ஒன்றை எங்கள் கம்பெனி செய்தது. இரண்டு டயரையும் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி, முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தூள் ஊரில் கலந்திருக்கிறது.

நிறுப்பதற்கு முன், டயரில் பதிந்த பொடிக்கற்களை ஊசியால் ஒவ்வொன்றாக நோண்டி எடுக்க வேண்டும்.* ரப்பர் டயருக்கு எடுத்தேன். முப்பது கிராம் குறைந்திருந்தது. புது டயரிலோ நூற்றுக்கணக்கில் கல் புதைந்திருந்தது. எனக்கு இடுப்பு வலி. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துக் கல்லோடேயே தராசில் வைத்தேன். இரண்டே கிராம்தான் குறைவு! கம்பெனியே கை தட்டியது. நானும் தட்டினேன்.

* செய்முறைக் குறிப்பில் உள்ள விதி. குறிப்பை எழுதியவனும் நான்தான்.

3

நாலு மாதத்தில் புகார் வந்தது. வாசலைக் கழுவினால் சாம்பல் நிறத் தூள் வருகிறது என்றார்கள், டயர் வாங்கியவர்கள். வேறு ஆட்களை வைத்து மறுபடி ஓட்டி நிறுத்தார்கள். இருபத்தாறு கிராம் குறைந்தது. அப்படியானால் முதல் தடவை ஏன் தேயவில்லை? மேலாளர் நொடியில் கண்டுபிடித்துவிட்டார்: ஓட்டினால்தானே தேயும்! தங்கை ஓட்டாமலே ஓட்டியதாக எழுதிவிட்டாளாம். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

முழங்கால் வீங்க வீங்க ஓட்டியவள் அவள். நான் அதே அறையில்தான் நின்றிருந்தேன். தொண்டையைச் செருமினேன். (அதற்கு மேலும் ஏதோ சொன்னதாக எழுத மூன்று முறை முயன்றேன். முடியவில்லை.) கேவலமாக இருக்கிறது.

4

இனி முடிவுகள். (அ) தராசு பழுது என்று தெரியவருகிறது. (ஆ) மேலாளரே கற்களைக் கண்டுபிடிக்கிறார். (இ) தங்கைக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்து, அவள்... மூன்றுமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

இதுவரை எழுதியதைத் தங்கை படித்தாள். படித்துத்தான் தெரிந்துகொண்டாள்.

“கல்லை எடுக்கலையா நீ?”

“இல்ல.”

“நாந்தான் கிலோமீட்டரைத் தப்பா எழுதிட்டேனோன்னு தினமும் என்னையே சந்தேகப்பட்டுட்டு இருந்தேண்ணா.”

அவள் தாள்களை அடுக்கிக் கையில் கொடுத்தாள்.

“கதை நல்லாத்தான் இருக்கு. அழகா வெட்கப்படுற. யாருக்கு அனுப்பப் போற?”

“ஏதாவது பத்திரிகைக்கு...”

“பத்திரிகைக்காரங்களா என்னை வேலையை விட்டு நிறுத்தினாங்க?”

5

ஆகவே வாசகரே, இதற்கு ஒரே பிரதிதான். உறையின் மேல் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன், மேலாளர் ஐயா. மூன்றாம் பகுதியில் உங்களைக் கிண்டலடித்ததற்கு மன்னியுங்கள். கிண்டலுக்கு உரியவன் நான்.

அவள் ஓட்டிய அந்தப் புது டயர் கிடங்கில் மேல்தட்டில் இருக்கிறது. ஊசியால் நோண்டி, வருகிற கல்லை நிறுத்துப் பாருங்கள். என்னை என்ன செய்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிவை நீங்கள்தான் எழுத வேண்டும். முதலில் அவளுக்குப் போன் செய்யுங்கள். அவள் ஓட்டினாள்.