விரலுக்குத் தட்டுப்படாத கோடு

கண்ணை மூடிக்கொண்டுதான் பெர்னார்ட் தடவிப் பார்ப்பான். சமையலறை மேடைகளுக்கான செயற்கைக் கல் பலகைகளை அதே நிறப் பசையால் ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் போகும்வரை மெஷினால் தேய்ப்பது அவன் தொழில். கண்ணை நம்பக் கூடாது, வெளிச்சம் ஏமாற்றும் என்பான். வலது கையின் மூன்று விரல்களை இணைப்பின் குறுக்கே மெல்ல நகர்த்துவான். எதுவும் தட்டுப்படாவிட்டால்தான் வேலை முடிந்தது. கல்யாணமான புதிதில் செங்காங்கில் வீடு வாங்கியபோது தங்கள் வீட்டு மேடையையும் அவனேதான் தேய்த்தான். இணைப்பு எங்கே இருக்கிறதென்று விரலால் கண்டுபிடித்தால் ஒரு தங்கச் சங்கிலி வாங்கித் தருவதாகப் புது மனைவியிடம் பந்தயம் கட்டினான். ஜோசபின் பத்தொன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். பாத்திரம் கழுவி முடித்ததும் ஈரக் கையால் ஒரு முறை தடவிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இன்று அவர்களுடைய கல்யாண நாள். சனிக்கிழமையும் கூட. மாலை பூசைக்கு லூர்து மாதா கோயில், அதன் பிறகு வாழையிலைச் சாப்பாடு என்று ஏற்பாடு. வழியில் ஐந்தே நிமிடம் என்று சொல்லி, சையத் ஆல்வி சாலைக்குப் பின்னாலிருந்த சந்தில் ஒலி முகம்மதுவின் மெஷின் கடைக்கு அவளைக் கூட்டி வந்திருந்தான். பழைய மெஷின் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. திங்கட்கிழமை உட்லண்ட்ஸில் பத்தடி நீளக் கறுப்பு மேடை ஒன்று காத்திருந்தது.

"கல்யாண நாளன்னிக்கு அண்ணிய நகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பாத்தா, சாண்டர் மெஷின் பாக்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்களே அண்ணே. அந்தத் தைரியம் எனக்கு வராது லா," என்றான் ஒலி.

"நகைக்கடையில ஏசி ஜாஸ்தி. இவருக்கு இப்பல்லாம் ஏசி ஆகாது," என்றாள் ஜோசபின்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு, வரும் வழியில் ரயிலின் ஏசிக் குளிரில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கம்பியைப் பிடித்திருந்த அவனுடைய விரல்கள் இரண்டாவது கணு வரைக்கும் மெழுகுபோல வெளுத்திருந்தன. அவள் பார்ப்பதைக் கண்டதும் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்று, "இன்னிக்கு நீயே போட்டு விடு," என்றிருந்தான். அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவிட்டாள். கல்யாண நாள் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால், இரண்டு மூன்று மாதமாகவே இந்தக் கொஞ்சல் இருந்தது.

கடையின் பின்புறம் ஒரு மரமேசை. அதன் மேல் இரண்டு துண்டுகளை ஒட்டிய கறுப்புப் பலகை ஒன்றை ஒலி இறுக்கிப் பூட்டினான். முதலில் ஒரு சிறிய மெஷினை எடுத்தான். கையில் அடங்கும் அளவு, தூசியை உறிஞ்சும் குழாயும் உண்டு.

"ஆகக் கம்மியா அதிர்றது இதுதாண்ணே. எவ்வளவு அதிருதுன்னு டப்பாவுலயே நம்பர் போட்டிருக்கான், பாருங்க. உங்க மாதிரி பினிஷிங் வேலை செய்றவங்கல்லாம் இப்ப இதுக்கு மாறிட்டாங்க."

பெர்னார்ட் பொத்தானை அழுத்திப் பலகையின் மேல் வைத்தான். அடித்தட்டு சுழன்றது. குழாய் தூசியை இழுத்தது. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒலியைப் பார்த்தான்.

"ஓடுதா?"

"என்னண்ணே, சத்தம் கேக்கலையா?"

"சத்தம் கேக்குது லா. கையில ஒண்ணும் தெரியலையே."

ஒலி சிரித்தான். ஜோசபினும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

இரண்டாவது மெஷினைப் பெர்னார்டே அலமாரியிலிருந்து இறக்கினான். பெரியது, கனமானது. அவன் அதை ஓடவிட்டதும் மேசை நடுங்கியது. மேல்தட்டில் இருந்த ஆணி டப்பாக்கள் கலகலத்தன. தரை வழியாக அந்த அதிர்வு அவள் செருப்புக்குள் ஏறியது. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இறுகிப் போயிருந்த பெர்னார்டின் முகம் அப்போதுதான் தளர்ந்தது.

"இதுல உயிர் இருக்கு."

"அண்ணே, அது மரத்துல பெயிண்ட் உரிக்கிறது. கறுப்பு மேடையில சுழி சுழியாக் கீறல் போடும். இத நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

பெர்னார்ட் அதைக் காதில் வாங்காமல் மெஷினை நிறுத்தினான். பலகையைத் துடைத்தான். கண்ணை மூடி, மூன்று விரல்களை இணைப்பின் குறுக்கே நகர்த்தினான். ஒரு முறை. இன்னொரு முறை.

"போச்சு. கோடே இல்ல."

பழக்கதோஷத்தில் ஜோசபினும் கையை நீட்டித் தடவினாள். உடனே தட்டுப்பட்டது. தலைமுடி அளவு மேடு. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவன் தேய்த்த இணைப்பை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஒலியும் விரலை வைத்துப் பார்த்தான். அவளை ஒரு கணம் ஏறிட்டுவிட்டு, துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தான்.

போன மாதம் புக்கிட் தீமாவில் ஒரு வீட்டுக்காரி, மேடையில் கோடு கையில் படுகிறது என்று புகார் சொல்லி, முழுவதையும் திரும்பத் தேய்க்க வைத்தாள். அந்த அம்மாவுக்கு விரலில் கண் இருக்கிறது என்று சொல்லிப் பெர்னார்ட் வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னொரு தடவ பாருங்க," என்றாள்.

"பாத்தாச்சு."

"எனக்காகப் பாருங்க."

அவன் கண்ணை மூடினான். அவள் அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த மேட்டின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்க."

"எங்க?"

"இங்கதான். உங்க விரலுக்குக் கீழயே."

"ஒண்ணும் இல்லையே ஜோ."

கண்ணைத் திறந்தபோது இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்துவிட்டான். கையை இழுத்துக்கொண்டான். "இதையே பேக் பண்ணு ஒலி," என்றான், பெரிய மெஷினைக் காட்டி.

"சின்னத எடுங்க. மொதல்ல டாக்டரப் பாத்துட்டு, அப்புறமா..."

"டாக்டர் என்ன சொல்வாரு? மெஷினத் தொடாதம்பாரு. அப்புறம் நான் வேற என்ன தொடுறது?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்தச் சின்னதப் புடிச்சா வெறுங்கையால தேய்க்கிற மாதிரி இருக்கு. எங்க அழுத்துறேன், எங்க விடுறேன், ஒண்ணும் தெரியல. இதுலதான் வேல நடக்குறதே தெரியுது. வேல செய்றவன் நானா, நீயா?"

பிறர் முன்னால் அவளிடம் அவன் இப்படிப் பேசியதே கிடையாது. ஒலி டப்பாவை எடுத்தான், ஆனால் மூடவில்லை.

"எங்க சாச்சா ஜூரோங்ல கப்பல் பட்டறையில இதே மாதிரி மெஷின் புடிச்சுட்டு இருந்தாரு. அவருக்கும் வெரல்லதான் ஆரம்பிச்சுதுண்ணே."

"இப்ப எப்படி இருக்காரு?" என்று ஜோசபின் கேட்டாள்.

"இருக்காரு அண்ணி." பசை நாடாவை இழுத்து ஒட்டினான். "பட்டன் போடுறது, சோறு பெசஞ்சு குடுக்குறது, எல்லாம் எங்க சாச்சிதான்."

வெளியே வந்தபோது நாலரை மணிக்கே வானம் இருட்டிக் கிடந்தது. மழை வருவதற்கு முந்தைய புழுக்கத்தில் பூக்கடைச் சாமந்தியும் சாக்கடையும் சேர்ந்து மணத்தன. டப்பாவை இடது கையில் தூக்கிக்கொண்டு, சாலை கடக்கும் இடத்தில் பெர்னார்ட் வலது கையை அவளிடம் நீட்டினான். கடையில் கத்தியதற்கு அதுதான் அவனுடைய மன்னிப்பு. அவள் பற்றிக்கொண்டாள். கை கதகதப்பாக, எப்போதும் போலத்தான் இருந்தது.

"பூசை முடிஞ்சு போனா எடம் கெடைக்காது. மொதல்ல சாப்பிட்டுரலாமா? நண்டு தீந்துடும்," என்றான்.

"ம்."

கார்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் கட்டைவிரல் நகத்தை அவனுடைய ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து மெதுவாக அழுத்தினாள். அவன் நண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். போன தடவை ரசம் புளித்துப்போயிருந்ததாம், பரிமாறியவனிடம் சொன்னதற்கு அவன் முறைத்தானாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, தன் நகம் வலிக்கும் அளவுக்கு அழுத்தினாள். பச்சை விளக்கு விழுந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் நடக்கத் தொடங்கினார்கள்.

"வா, வா, மழ வருது," என்று சிரித்தபடி பெர்னார்ட் அவளைக் கூட்டிக்கொண்டு சாலையில் இறங்கினான். அவள் நகம் இன்னும் அவன் விரல் நுனியில் புதைந்தே இருந்தது.