மேற்குச் சுவரின் எஸ்டிமேட்

வீடு கட்டியபோது தண்டபாணி மூன்று சுவர்களுக்குத்தான் வெளிப்பூச்சு பூசினார். முன்சுவர் தெருவைப் பார்க்கிறது. அதற்கு இரண்டு கை பூச்சு, மேலே பெயிண்ட். கிழக்கே ஒரு ரிட்டயர்டு கர்னலின் வீடு. ராணுவத்துக்காரர் கண்ணெதிரே மானம் போகக்கூடாது என்று அதற்கும் பூச்சு. பின்சுவரில் துணி துவைக்கக் குழாய் வைக்க வேண்டியிருந்ததால் அதுவும் தப்பித்தது. மேற்குச் சுவர் மட்டும் செங்கல்லாகவே நின்றது.

"பக்கத்து பிளாட் காலி. என்னிக்காவது ஒருத்தன் வீடு கட்டுவான், சுவர் மறைஞ்சுடும். யாரும் பார்க்காத சுவருக்குப் பூச்சு எதுக்கு?" என்று மனைவி கனகத்துக்கு விளக்கினார்.

யாரும் பார்க்கவில்லைதான். மழை பார்த்தது. ஐதராபாத்தில் ஜூன் மாத மழை மேற்கிலிருந்துதான் அடிக்கும் என்ற விஷயம் அவருடைய எஸ்டிமேட்டில் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை.

தண்டபாணி ராமச்சந்திராபுரத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில், விலைக் கணக்கு பார்க்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு ஆணி உள்ளே வந்ததில்லை என்பார்கள். சொன்னவர் பெரும்பாலும் அவர்தான். ஊரின் மேற்குக் கோடியில் வேலை. மனை விலை சல்லிசு என்று வீட்டைக் கட்டியது கிழக்குக் கோடியில், சைனிக்புரியையும் தாண்டி. மிச்சம் பிடித்த பணத்துக்கு ஈடாகப் பாதி ஆயுளைக் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக் கழித்தார். தூக்கத்துக்கு யாரும் பில் போடாததால் அதுவும் லாபக் கணக்கில் சேர்ந்தது.

முதல் மழைக்கே படுக்கையறைச் சுவர் ஊறிவிட்டது. கனகத்தின் கல்யாணப் பட்டுப்புடவையில் பூஞ்சை பூத்தது. "அலமாரியை நகர்த்து" என்றார் தண்டபாணி. நகர்த்தினாள். அடுத்த வருஷம் கட்டிலை நகர்த்தினார்கள். அதற்கடுத்த வருஷம் அலமாரியும் கட்டிலும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள, கனகம் பக்கவாட்டில் நடந்து போய்ப் படுக்கக் கற்றுக்கொண்டாள். சுவரில் படர்ந்த ஈரத்துக்கு வருஷா வருஷம் ஏதோ ஒரு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் பூசி, அது உரிந்து விழுவதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

கனகம் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வீட்டில் தமிழ், கடையில் உருது, தெருவில் தெலுங்கு. தண்டபாணியோ ராணிப்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உருதுவிலும் தெலுங்கிலும் விலை கேட்க மட்டுமே தெரியும். அது போதும் என்பது அவர் அபிப்பிராயம்.

ஒருநாள் காலையில் பக்கத்து பிளாட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்கு போர் போடும் லாரி வந்து நின்றது. ஸ்ரீலேகா என்கிற நாற்பது வயதுப் பெண்மணி மனையை வாங்கியிருந்தாள். அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் பயிற்சி மையம் நடத்துகிறவள். பூமி பூஜைக்கு மறுநாள் ஸ்வீட் டப்பாவுடன் வந்து, தெலுங்கில் மரியாதையாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்க சுவர் எழும்பறதுக்கு முன்னாடி உங்க பூச்சு வேலையை முடிச்சுக்குங்க. சாரத்தை எங்க பக்கமே கட்டிக்கலாம். அப்புறம் கை நுழைய இடம் இருக்காது."

அதுவும் நிஜம். இரு வீட்டு வரைபடத்திலும் நடுவே ஒரு கார் போகிற இடைவெளி இருந்தது. தரையில் பார்த்தால் பூனை போனாலே மீசை உரசும்.

அன்று கனகம் காபியை மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். "இப்ப விட்டா எப்பவும் கிடையாதுங்க. இனிமே அலமாரியை நகர்த்த வாசல்தான் பாக்கி."

தண்டபாணி யோசித்தார். "சரி. செய்துடலாம்" என்றார். கனகத்துக்குக் காதை நம்ப முடியவில்லை. "முதல்ல ஒரு எஸ்டிமேட் போடணும்" என்று அவர் முடித்ததும் காதை நம்பினாள்.

முதல் காண்ட்ராக்டராக சாய்குமார் வந்தான். சுவரைப் பார்த்தான், டேப்பைப் பிடித்தான், சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி, மொத்தத்தையும் சொன்னான். ஐந்து நிமிஷ வேலை.

"ஜன்னலைக் கழிச்சியா?" என்றார் தண்டபாணி.

"ஜன்னலைக் கழிக்க மாட்டோம் சார். சுத்தி ஓரமெல்லாம் எடுக்கணுமே, அதுக்கு அது சரியாப் போச்சு."

"ஜன்னல்ல சிமெண்ட் பூசப்போறியா?"

"இல்ல சார்."

"பூசாத இடத்துக்கு எதுக்குப்பா காசு?"

சாய்குமார் கனகத்தைப் பார்த்தான். கனகம் கூரையைப் பார்த்தாள். அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போனவன் போனவன்தான்.

இரண்டாவது ஆள் ஜன்னலைக் கழிக்க ஒத்துக்கொண்டு சாரத்துக்குத் தனியாகக் கேட்டான். மூன்றாவது ஆள் சாரத்தைச் சும்மா தருவதாகச் சொல்லி, கலவையில் சிமெண்டைக் குறைக்கப் பார்த்தான். அதைக் கண்டுபிடித்த அன்று தண்டபாணி இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார். கணினியில் ஒரு பெரிய அட்டவணை உருவானது. பூச்சின் கனம் இவ்வளவு, செங்கல் இடுக்குகளில் புகுவது இவ்வளவு, கீழே சிந்துவது இவ்வளவு, சிந்தியதில் திரும்ப அள்ளக்கூடியது இவ்வளவு. ஆற்று மணலா, கல்லை அரைத்துச் செய்கிற ரோபோ சாண்டா என்று ஒரு வாரம் ஓடியது. எதிர்பாராத செலவுக்கு என்று ஒரு தொகை ஒதுக்கினார். பிறகு, எதிர்பார்த்துவிட்டதால் அது எதிர்பாராத செலவு ஆகாது என்று அதை எடுத்துவிட்டார். சிமெண்ட் விலை இறங்கும் என்று யாரோ சொன்னதற்காக ஒரு மாதம் காத்திருந்தார். அது ஏறியது. ஏறினால் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று இன்னொரு மாதம் காத்திருந்தார்.

பக்கத்தில் ஸ்ரீலேகாவின் வீடு யாரிடமும் கொட்டேஷன் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. தூண்கள் நின்றன. அடித்தளத்துக்கு மேல் சுவர் எழும்பத் தொடங்கியது. கனகம் தினமும் மாடிக்குத் துணி எடுக்கப் போகும்போது எட்டிப் பார்ப்பாள். முதலில் முழங்கால் உயரம். பிறகு இடுப்பு. தண்டபாணி முழங்கால் வலியால் மாடி ஏறுவதில்லை; புழுதி வருகிறதென்று படுக்கையறை ஜன்னலையும் சாத்தி வைத்திருந்தார். ஆகவே அவருக்கு அந்தச் சுவர் அட்டவணையில் மட்டுமே தெரிந்தது. அங்கே அது வளரவில்லை.

மாடியிலிருந்து கனகம் இன்னொன்றையும் பார்த்தாள். தினம் தினம் தண்ணீர் டேங்கர் வந்து நின்றது. ஒருநாள் கைப்பிடிச் சுவரோரம் நின்று, "என்னம்மா, இவ்வளவு டேங்கரா?" என்று கீழே குரல் கொடுத்தாள்.

ஸ்ரீலேகா ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போர்ல சொட்டுத் தண்ணி இல்ல ஆன்ட்டி. பாதாளம் வரைக்கும் இறக்கியாச்சு, வெறும் புழுதிதான் வந்தது. டேங்கர்காரன் இந்த வெயில்ல சொன்னதுதான் விலை. என் பட்ஜெட்ல பாதி தண்ணியாப் போகுது."

பட்ஜெட் என்ற சொல் கேட்டதும் கனகம் திரும்பிப் போகப் பார்த்தாள். ஆனாலும் நின்றாள். அவர்கள் வீட்டு போர் எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. தண்டபாணி வாங்கிய மனையில் அவருக்கு விலை கொடுக்காமல் கிடைத்த ஒரே நல்ல பொருள் அதுதான்.

துணியை அப்படியே கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, பக்கத்து மனைக்குப் போனாள். செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றே பேசினார்கள். காகிதமில்லை, டேப் இல்லை. வீடு முடிகிற வரைக்கும் தண்ணீர் கனகத்துடையது. மேற்குச் சுவருக்கான சிமெண்டும் மணலும் ஆட்களும் ஸ்ரீலேகாவின் பொறுப்பு.

"அங்கிள் கிட்ட சொல்ல வேண்டாமா?" என்றாள் ஸ்ரீலேகா.

"நக்கோம்மா, வேண்டாம்" என்றாள் கனகம். "அவர் ஜன்னலைக் கழிச்சுட்டு வரட்டும்."

மறுநாளே ஸ்ரீலேகாவின் மேஸ்திரி தங்கள் சுவர் வேலையை நிறுத்திவிட்டு, இந்தப் பக்கம் திரும்பிச் சாரம் கட்டினார். அதே நேரம் முன்னறையில் நான்காவது காண்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தான். தண்டபாணி அவனுக்கு அட்டவணையைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து சளப், சளப் என்று சத்தம் வந்தது.

"என்ன சத்தம்?"

"பூச்சு வேலை" என்றாள் கனகம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"பக்கத்து வீட்டிலயா? அதுக்குள்ள பூச்சுக்கு வந்துட்டாங்களா?" தண்டபாணி கண்ணாடியைக் கழற்றிக் காண்ட்ராக்டரைப் பார்த்தார். "பாத்தியா? இதுக்குப் பேர்தான் பிளானிங். அந்தம்மா எல்லாத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சிருக்கு. நீயும் இருக்கியே."

காண்ட்ராக்டர் தலைகுனிந்தான். சளப், சளப் என்று தண்டபாணியின் சொந்தச் சுவரில் கலவை விழுந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பிடும்போதும் அவர் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். "கை சீரா விழுது. நல்ல மேஸ்திரி. என்ன ரேட்டுன்னு கேக்கணும்" என்றார். கனகத்துக்கு ரசம் புரையேறியது. அவரே தலையில் தட்டிவிட்டார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் மேஸ்திரி வாசலுக்கு வந்து, கனகம் வருவதற்குள் தண்டபாணியிடமே கேட்டுவிட்டார். "சார், உங்க சுவருக்குத் தண்ணி அடிக்கணும். ட்யூப் எங்க இருக்கு?"

"எந்தச் சுவருக்கு?"

"நேத்து பூசினோமே சார்."

தண்டபாணி உள்ளே போய், டேப்பை எடுத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு பக்கத்து மனைக்கு நடந்தார். கனகம் பின்னாலேயே போனாள். சாரத்துக்குக் கீழே நின்று அவர் அண்ணாந்து பார்த்தார். சுவர் வழவழவென்று, ஈரச் சாம்பல் நிறத்தில், கர்னல் பக்கத்துச் சுவரைவிட நன்றாகவே இருந்தது. அவர் விரலால் தட்டினார். ஓர் ஓரத்தை மோந்துகூடப் பார்த்தார். கனகம் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு பெரிய காரியம் எதையும் அவள் அவரைக் கேட்காமல் செய்ததில்லை.

"எவ்வளவு கொடுத்தே?" என்றார் கடைசியில்.

"ஒண்ணும் கொடுக்கலைங்க. தண்ணிதான்."

"தண்ணியா?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் கோபம் வருவதற்கு வழி தேடியது. பணம் போகவில்லை, ஏமாற்றம் இல்லை, கலவையிலும் குறையில்லை. எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டியிருந்தது. கடைசியில் அவருக்கு ஒன்று கிடைத்தது.

"ஜன்னலைக் கழிச்சாங்களா?"

"எதுலேந்துங்க கழிக்கிறது?" என்றாள் கனகம்.

அன்று சாயங்காலம் தண்டபாணி கணினியைத் திறந்து உட்கார்ந்தார். மோட்டார் ஓடுகிற மின்சாரம், மோட்டாரின் தேய்மானம், பூமிக்கடியில் இருக்கிற நீரின் மதிப்பு என்று மூன்று புதிய பத்திகள் முளைத்தன. நீரின் மதிப்பை எப்படிப் போட்டாலும் மொத்தம் சாய்குமாரின் தொகையைத் தொடவில்லை. இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை கூட்டாமல் மூடி வைத்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஸ்ரீலேகாவின் சுவர் கூரை மட்டத்துக்கு எழும்பிவிட்டது. அந்தப் புதுப்பூச்சை இனி யாரும் பார்க்க முடியாது. கனகத்துக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. முதல் மழை வந்த அன்று, பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய இருட்டில், தண்டபாணி படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். மழை விட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

"காய்ஞ்சிருக்கு" என்றார்.

"ஹவ்" என்று ஐதராபாத் உருதுவில் ஆமாம் போட்டாள் கனகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலனி சங்கக் கூட்டத்தில் அவர் அரைமணி நேரம் பேசினார். கைக்காசு செலவில்லாமல் வெளிப்பூச்சு முடிப்பது எப்படி என்பது தலைப்பு. கர்னல் குறிப்பெடுத்தார். அவசரப்படாமல் காத்திருந்தால் வாய்ப்பு தானாக வரும், அதுதான் பட்ஜெட்டின் சூட்சுமம் என்று தண்டபாணி முடித்தபோது கைதட்டல் கிடைத்தது. கனகமும் தட்டினாள்.

வீடு திரும்பும்போது அவர் கேட் அருகே நின்று காம்பவுண்டு சுவரைப் பார்த்தார். அதுவும் செங்கல்லாகத்தான் இருந்தது.

"கனகம், அந்தம்மாவுக்கு டைல்ஸ் வேலை எப்ப வரைக்கும் இருக்கும்?"

"ஆகஸ்ட் வரைக்கும்னு சொன்னா."

"அப்ப அவசரமில்லை" என்றார் தண்டபாணி. "முதல்ல ஒரு எஸ்டிமேட் போட்டுடறேன்."

கனகம் அந்தச் செங்கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் ட்யூபை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.