வாங்காத வீடு

தை மாதம் லண்டனிலிருந்து ஊருக்கு வந்து இறங்கியபோது அபிகாயில் வீடு வாங்கும் எண்ணத்தோடுதான் வந்தாள். அதில் பொய் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றிருந்தாள். கணவர் றோகான் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் டிலக்ஷன்தான் யோசனை சொன்னவன். "குளிருக்கு அங்கை நில்லுங்கோ அம்மா, வெயிலுக்கு இஞ்சை வாங்கோ. சின்ன வீடொண்டாப் பாருங்கோ." காணி எழுதத் தடையில்லாமல் இரட்டைப் பிரசாவுரிமையும் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினாள்.

அரியாலையில் பியாட்றிஸின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தாள். பியாட்றிஸ் அவளோடு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவள். பிறகு அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

காலையில் பாண்காரனின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி ஒழுங்கைக்குள் வரும். அபிகாயில் இறங்கிப்போய்க் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு றோஸ் பாண் வாங்குவாள். குளிக்கக் கிணற்றுத் தண்ணீர், அது உவர். குடிக்கப் போத்தல் தண்ணீர். சந்தையில் அவள் வாயைத் திறந்ததுமே மீனின் விலை ஏறிவிடும். பத்து மணிக்குப் பிறகு வெயில் வெளியே விடாது. மின்விசிறிக்குக் கீழே படுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தெரிந்தவர்களில் பாதிப்பேர் ரொறன்ரோவில். மீதிப்பேருக்கு அவரவர் வேலை.

பின்னேரங்களைக் காப்பாற்றியது தரகர் யாகோப்பு. அவருக்குச் சொந்தமாக ஓட்டோ இருந்தது. நல்லூர், சுண்டுக்குளி, கோப்பாய், கரவெட்டி என்று ஏற்றிக்கொண்டு போவார். போகிற இடமெல்லாம் கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். தேத்தண்ணி வந்தது. அறை அறையாகத் திறந்து காட்டி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லண்டனில் அவள் வருகைக்காக யாரும் அப்படிக் காத்து நின்றதில்லை. "நல்ல காத்தோட்டம்" என்று அவள் சொன்னால் வீட்டுக்காரரின் முகம் மலரும். "குசினிதான் கொஞ்சம் இருட்டு, லைற் போட்டுத்தான் சமைக்கவேணும்" என்றால் வாடும்.

பங்குனி பிறந்தபோது அவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் வாங்கப்போவதில்லை என்று. முழங்காலுக்கு ஒரு சத்திரசிகிச்சை லண்டனில் பாக்கியிருந்தது. பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தது. இரவு பாம்பு வருமோ என்ற பயமும் போகவில்லை. ஆனால் யாகோப்பிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பின்னேரங்கள் போய்விடும். "வேறை ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். அவரிடம் வீட்டுக்குக் குறையில்லை, இருந்துகொண்டே இருந்தது.

அப்படிப் பார்த்ததில் ஒன்றுதான் அரியாலைக் கடல்நீரேரிப் பக்கத்து வீடு. சொந்தக்காரன் பிரவீணன் மெல்பேர்ணில் பல் வைத்தியன். பதினொரு வருடமாக அதில் சுபாஜினியின் குடும்பம் வாடகைக்கு இருந்தது. புருஷன் கொழும்பில் ஒரு ஹொட்டலில் வேலை. சுபாஜினி முன்னறையில் தையல் மெசின் போட்டு அக்கம்பக்கத்துச் சட்டைகளைத் தைத்தாள். ஏரியைப் பார்த்த அறையில் அவளுடைய தகப்பன் நீக்கிலாப்பிள்ளை கட்டிலில் கிடந்தார். மயிலிட்டியில் கடற்றொழில் செய்தவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அங்கிருந்து எழும்பியவர், பிறகு முகாம், உறவுக்காரர் வீடு, வாடகை வீடு என்று அலைந்து, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர். ஊரை இப்போது ஆமி விட்டாயிற்று, ஆனால் வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை.

அபிகாயில் அந்த வீட்டில் வழக்கத்தைவிடக் கூட நேரம் நின்றாள். அது உண்மையாகவே வடிவான வீடு. பழைய சிவப்பு நிலம், அகலமான யன்னல்கள், கிணற்றடியில் ஒரு தேசி மரம். தான் சொல்வது எதுவும் நடக்கப்போவதில்லை என்று தெரிந்திருந்ததால் வாய் தாராளமாகப் பேசியது.

"இந்தச் சுவரை உடைச்சுப்போட்டு, குசினியையும் இந்த அறையையும் ஒண்டாக்கினால் எப்பிடியிருக்கும் யாகோப்பு?"

"நல்லாயிருக்கும் அக்கா. வெளிச்சம் நேரா ஏரியிலையிருந்து வரும்."

இந்த அறை என்றது நீக்கிலாப்பிள்ளை படுத்திருந்த அறை. அவர் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார்.

கேற்றடியில் சுபாஜினி பின்னால் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, எடுக்கப்போறீங்களோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். யாகோப்புகூட ஓட்டோவைத் திருப்பிக்கொண்டிருந்தார், கேட்டிருக்கமாட்டார். ஆனால் அந்த முகம் பதிலுக்காகத் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது அபிகாயிலுக்குப் பழகிப்போன சுகமாக இருந்தது.

"நல்லாப் பிடிச்சிருக்குப் பிள்ளை. மகனோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்."

எல்லா வீட்டிலும் சொல்கிற பதில்தான்.

பிறகு முழங்கால் வீங்கியதால் சில நாள் வெளியே போகவில்லை. யாகோப்பு இரண்டு தரம் போன் எடுத்தார். "பிரவீணன் தம்பி கேக்கிறார் அக்கா." "யோசிக்கிறன்" என்றாள்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த கிழமை, கோயில் ஆராதனை முடிந்து பியாட்றிஸோடு நடந்து வந்துகொண்டிருந்தபோது அந்த ஏரிப் பக்கத்து வீட்டு ஒழுங்கை முகப்பில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் பெட்டியோடு நின்றது. பெட்டிக்குள் கட்டில், தையல் மெசின், தண்ணீர்ப் பீப்பா, சுருட்டிய மெத்தை. பின்னால் நின்ற ஓட்டோவில் நீக்கிலாப்பிள்ளையைத் தலையணைகள் அணைகொடுத்து இருத்தியிருந்தார்கள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது.

சுபாஜினி கேற்றைப் பூட்டிவிட்டு வந்தவள் அபிகாயிலைக் கண்டாள். கோபப்படவில்லை. கிட்ட வந்து கையிலிருந்த வீட்டுத் திறப்புக் கொத்தைக் காட்டினாள்.

"யாகோப்பு அண்ணையிட்டைக் குடுக்கச் சொன்னவை அன்ரி. வீடு கழுவி விட்டிருக்கிறம். பின் யன்னல் கொளுக்கி நேரை விழாது, கொஞ்சம் தூக்கிப் போடவேணும். மோட்டரை ஒரேயடியா ஓட விடாதேங்கோ, கிணறு கலங்கிப்போம்."

"எங்கை பிள்ளை போறீங்கள்?"

"கரவெட்டிக்கு. என்ரை மனுசன்ரை பெரியம்மா வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை இருக்கு."

"ஏன் இப்பிடித் திடீரெண்டு...?"

சுபாஜினி அவளை வியப்போடு பார்த்தாள். "ஆக்கள் இருக்கிற வீட்டை லண்டன் ஆக்கள் எடுக்கமாட்டினம், வெறும் வீடாக் குடுத்தால்தான் நீங்கள் முடிவு சொல்லுவீங்கள் எண்டு பிரவீணன் அண்ணை சொன்னவர். பரவாயில்லை அன்ரி. உங்களுக்கும் ஊரிலை ஒரு வீடு வேணும்தானே."

எடுக்கவில்லை என்று இப்போதாவது சொல்ல அபிகாயில் நினைத்தாள். வாய் மட்டும் "சரி பிள்ளை" என்றது. லாண்ட்மாஸ்டர் படபடவென்று கிளம்பியது. ஓட்டோ அதன் பின்னால் மெதுவாகப் போனது, கிழவரின் தலை குலுங்காதபடி.

வீட்டுக்கு வந்து படியேற முடியாமல் கீழேயே இருந்துவிட்டாள். பியாட்றிஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் அந்த வீட்டை எடுக்கப்போறேல்லை, பியாட்றிஸ்."

"அது எனக்கு விளங்குது. எந்த வீட்டையும் நீர் எடுக்கப்போறேல்லை. எப்ப தொடக்கம் உமக்குத் தெரியும்?"

"பங்குனியிலை."

"அந்த வீட்டுக்குப் போக முந்தியோ, பிந்தியோ?"

"முந்தி."

பியாட்றிஸ் எழும்பினாள். வெறும் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் ஏசியிருந்தால் அபிகாயிலுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே மெல்பேர்ணுக்குப் போன் எடுத்தாள். தான் வாங்கவில்லை என்றும், பிழை தன்னுடையது என்றும், அந்தக் குடும்பத்தைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். பிரவீணன் மரியாதையான பிள்ளை. முழுவதையும் கேட்டான்.

"அன்ரி, நீங்கள் மனவருத்தப்படாதேங்கோ. எனக்கு அதை விக்கவேணும் எண்டு கனகாலம். அவையை எழுப்ப மனம் வரேல்லை. நீங்கள் வந்து பாத்தது எனக்கு ஒரு சாட்டாப் போச்சு. இனித் திருப்பி இருத்தினால் பிறகு எழுப்பவே ஏலாது. இப்ப விருந்தினர் விடுதி போட ஒரு ஆள் கேக்கிறார். குடுத்திடுவன்."

"அந்தக் கிழவர் சுகமில்லாத மனுசன், தம்பி."

"தெரியும் அன்ரி," என்றான். "தெரிஞ்சதாலைதான் இவ்வளவு நாளும் விட்டு வைச்சனான்."

போனை வைத்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கும் உறுத்தியிருக்கிறது. அந்தப் பழியைத் தூக்கிப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாகத் தானே போய் நின்றுகொடுத்திருக்கிறாள்.

யாகோப்பிடமும் சொன்னாள். அவர் ஓட்டோவின் ஹாண்டிலைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தார். "எத்தினை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன் அக்கா. நான் என்ரை வாயாலை, இவ கட்டாயம் எடுப்பா எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்." அதற்குப் பிறகு அவள் போன் எடுத்தால் பதில் சொல்வார், தானாக எடுக்கமாட்டார்.

கரவெட்டிக்கு பஸ்ஸில் போனாள். இறங்கிக் கேட்டுக் கேட்டு நடந்து, புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாள். பின்பக்கத்து அறை தகரக் கூரை. நீக்கிலாப்பிள்ளை வியர்த்துக் கிடந்தார். சுபாஜினி ஒரு மட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். தையல் மெசின் மூலையில் துணி மூடிக் கிடந்தது. துணி கொடுக்கிறவர்கள் எல்லாரும் அரியாலையில்.

"வீட்டிலை ஏதும் விட்டுட்டு வந்திட்டமோ அன்ரி?" என்று கேட்டபடி எழுந்தாள்.

அபிகாயில் நின்றபடியே சொன்னாள். வீட்டைத் தான் எடுக்கவில்லை. எடுக்க நினைத்ததும் இல்லை. சும்மாதான் பார்க்க வந்தது.

சுபாஜினிக்கு முதலில் விளங்கவில்லை. "மகன் வேண்டாம் எண்டிட்டாரோ?"

"இல்லைப் பிள்ளை. நான் மகனோடை கதைக்கவேயில்லை."

சுபாஜினியின் கையில் மட்டை நின்றது. "அப்ப ஏன் அந்தச் சுவரை உடைக்கிறதெண்டு சொன்னனீங்கள்? அப்பு ஒவ்வொரு நாளும் கேட்டவர், எப்ப உடைக்கப்போகினம், அதுக்கு முதல் என்னைத் தூக்குவீங்களோ எண்டு."

அபிகாயிலின் கண் கட்டிலுக்குப் போனது.

"நான் என்ன நினைச்சு மனதைத் தேற்றினனான் தெரியுமோ? பாவம், அவவும் எங்களை மாதிரித்தான், ஊரைவிட்டுப் போன மனுசி, கடைசிக் காலத்திலை வந்து இருக்கட்டும் எண்டு. அதைத்தான் அப்புக்கும் சொன்னனான். கொழும்பிலை நிக்கிற இவருக்கும் சொன்னனான். இப்ப வந்து அதையும் இல்லையெண்டு சொல்லுறீங்கள்." அவளுடைய கண் நிறைந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே அன்ரி. உங்களுக்குப் பாரம் குறையும், எங்களுக்கு என்ன வந்தது?"

கட்டிலிலிருந்து கிழவர் என்னவோ கேட்டார். வாய் கோணி, சொல் தெளியவில்லை. சுபாஜினி குனிந்து, "ஒண்டுமில்லை அப்பு" என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அபிகாயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். ஒரு பிள்ளை எழும்பி இடம் கொடுத்தது, வேண்டாம் என்றுவிட்டாள். சுபாஜினி கேட்டது சரிதான். சொல்லப் போனது அவர்களுக்காக அல்ல.

அன்றிலிருந்து அவள் சுபாஜினி குடும்பத்துக்காக உண்மையாகவே வீடு தேடினாள். அரியாலைக்குள், ஏரிப் பக்கம், கீழ்த்தளம், வாடகைக்கு. யாகோப்பு தயங்கித்தான் வந்தார். போன மாதம் தேத்தண்ணி கொடுத்த ஒருவர், "அக்காவுக்கோ?" என்று சிரித்தபடி வந்து, ஆருக்கென்று தெரிந்ததும் கேற்றைத் திறக்காமலே கதைத்தார். "படுக்கையிலை கிடக்கிற ஆளோ? ஏதும் நடந்தால் பிறகு வீடு ஒருத்தரும் எடுக்காயினம்." இன்னொருவர் மெசின் சத்தம் ஆகாது என்றார். இன்னொருவருக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் வேண்டும். வெயிலில் முழங்கால் குத்தியது. பயணத்தைத் தள்ளிப்போட்டாள். டிலக்ஷன் காரணம் கேட்டான். சொன்னாள். அவன் "அம்மா..." என்று மட்டும் சொன்னான், பிறகு பேரப்பிள்ளையைப் போனில் காட்டினான்.

கடைசியில் வீட்டைப் பிடித்தது பியாட்றிஸ். பழைய மாணவி ஒருத்தியின் தாய் வீடு, இரண்டு அறை, சீமெந்து பெயர்ந்த நிலம். ஏரி தெரியாது, ஆனால் காற்று வரும். வீட்டுக்காரி முற்பணம் கேட்டாள். அபிகாயில் கட்ட வாயெடுத்தபோது பியாட்றிஸ் தடுத்தாள். "முதலிலை அந்தப் பிள்ளை வந்து பாக்கட்டும். அவவுக்குப் பிடிக்கவேணும்."

சுபாஜினி வந்து பார்த்தாள். யன்னல்களைத் திறந்து மூடினாள், கிணற்றில் ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள், கட்டில் வாசலுக்குள்ளால் போகுமோ என்று சாணால் அளந்தாள். அபிகாயில் வெளியே வேலியோரம் நின்றாள். முற்பணத்தைச் சுபாஜினி மறுக்கவில்லை. அதற்காக நன்றியும் சொல்லவில்லை. "வாடகை நாங்கள் கட்டுவம்" என்று பியாட்றிஸைப் பார்த்துச் சொன்னாள்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று அபிகாயில் விடியவே போய் வீட்டைக் கூட்டினாள். லாண்ட்மாஸ்டர் வந்து நின்றது. சுபாஜினி உள்ளே வந்து, அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தாள்.

"தாங்கோ."

"இந்த மூலையும் முடிஞ்சால் சரி..."

"நாங்கள் பாக்கிறம் அன்ரி. நீங்கள் போங்கோ." முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள், கொடுக்கும் வரை.

அபிகாயில் கொடுத்தாள். வெளியே நாலு பேர் நீக்கிலாப்பிள்ளையைக் கதிரையோடு தூக்கி வந்தார்கள். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் அவளை அடையாளம் கண்டாரோ தெரியாது. கண் அவள் மேல் கொஞ்சம் நின்று, வீட்டுக்குள் திரும்பியது. உள்ளே சுபாஜினி, "மெல்ல, மெல்ல, இடப்பக்கம் பாத்து" என்று சொல்வது கேட்டது.

ஒழுங்கைக்கு இறங்கி நடந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ சுவரில் ஆணி அறையத் தொடங்கினார்கள்.