நாலு மடங்குத் தெளிவு

சீச்சீ, அந்த வீடியோவை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் டூரிஸ்ட்டுகளுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். விளம்பர வீடியோ எடுக்கப் பக்கத்து டவுன் ரிங்லெட்டிலிருந்து மெல்வின் வந்தான். மேனேஜர் மகேன் துரை என்னைக் கூப்பிட்டு, கையால் கொழுந்து கிள்ளிக் காட்டச் சொன்னார். இங்கே யார் இப்போது கையால் கிள்ளுகிறார்கள்? எல்லாம் கத்தரி, மெஷின்தான். ஆனாலும் பட்டுச்சேலை கட்டி, இளித்துக்கொண்டு கிள்ளினேன். எனக்கு அவரிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

களைக்கொல்லி கலக்கிக் கலக்கி என் விரல்கள் வெடித்து, நகக்கண்ணில் சீழ் கட்டியிருந்தது. கையுறை கேட்டேன். வேறு வேலை கேட்டேன்.

"தேயிலைக் கறைலா, பவுலின். சோப்பு போட்டுக் கழுவு" என்பார் துரை. ஒரு தடவையாவது கையைப் பார்த்தால்தானே!

மெல்வின் எடுத்ததை போனில் காட்டினான். என் கை அழகாகத்தான் இருந்தது.

"இது ஃபோர்-கே, அக்கா. ஃபுல் ஹெச்டியவிட நாலு மடங்கு புள்ளி. சின்ன ஸ்கிரீன்ல வித்தியாசம் தெரியாது. ஆபீஸ் டிவில பாருங்க, இலை நரம்புகூட தெரியும்."

ஆபீசில் போட்டான். நரம்பு தெரிந்தது. அடுத்து என் கை வந்தது. சுவரை அடைத்த திரையில் ஒவ்வொரு வெடிப்பும், மஞ்சள் சீழும் அப்பட்டமாகத் தெரிந்தன. விடுதி வரவேற்பில் இருக்கும் அதீரா வாயைப் பொத்திக்கொண்டாள். துரையின் முகம் சுருங்கியது. அப்பாடா, இன்றைக்கே கிளினிக்குக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல!

"ச்சே! இதப் பாத்தா எவன் நம்ம டீயக் குடிப்பான்?" என்றார்.

"கைய மட்டும் மங்கலாக்கிடவா, துரை?" என்று கேட்டான் மெல்வின்.

"மங்கலா இருக்கவா ஃபோர்-கே எடுக்கச் சொன்னேன்? அதீரா கைய எடுத்து அங்க ஒட்டிடுலா."

"அப்ப என் கைக்கு என்ன வழி, துரை?"

"அதான் வீடியோலேர்ந்து எடுத்தாச்சே, அப்புறம் என்ன?"

விடுதி வாசலில் அது ஓயாமல் ஓடுகிறது. முகம் என்னுடையது, கொழுந்து கிள்ளும் வழவழப்பான விரல்கள் அதீராவுடையவை. டூரிஸ்ட்டுகள் நின்று ரசிக்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் தினமும் வெறுங்கையோடு களைக்கொல்லி கலக்கப் போகிறேன். த்தூ!