கிண்ணம் மாறிய சனிக்கிழமை

அகப்பையார் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. சரக்குக் கப்பல்களில் முப்பதாண்டுக் காலம் தலைமைச் சமையல்காரராக இருந்தவருக்கு மாலுமிகள் இட்ட பெயர் அது. கரையேறிய பிறகும் விடாமல் ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமைகளில் அவர் நண்பகலுக்குப் பின் தேநீர்கூடத் தொடமாட்டார். வெதுவெதுப்பான நீரால் வாய் கொப்பளிப்பார். சலவைச் சட்டை அணிந்து, மனைவியோடும் மைத்துனரோடும் துறைமுகச் சாலைக்கு நடப்பார். உணவகத்தில் முதற்கரண்டியை விழுங்கும்வரை எவரோடும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இவ்வளவும் ஒரு சோதனைக்காக. ஓராண்டுக்கு முன் கண்ட காய்ச்சலில் அவருடைய நாக்குச் செத்துப்போயிற்று. திரும்பிவரும், ஆனால் எப்போதென்று சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். சுவையறியாத சமையல்காரனை நம்பி ஒரு கப்பலே பசியாற முடியாது என்று கூறி, அவர் தாமாகவே வேலையிலிருந்து விலகினார். கம்பெனியோ அவருடைய இடத்தை இன்னும் நிரப்பாமல் வைத்திருந்தது. அடுத்த பயணத்துக்கு வருகிறாரா இல்லையா என்பதை வருகிற திங்கட்கிழமை அவர் சொல்லியாக வேண்டும்.

அந்த நகரத்தின் கடற்கரையோரம் உலகமே அடுப்பு மூட்டியிருந்தது. ஜப்பானியர் உணவகத்துக்கு எதிரே லெபனான்காரர் உணவகம். இரண்டு கட்டடம் தள்ளி, மாடிப்படிக்குக் கீழே, பெரு நாட்டு மீன்கடை. அந்நாடுகளின் மாலுமிகளுக்கெல்லாம் கப்பலில் சமைத்துப் போட்டவர் அவர். எந்தச் சாற்றில் எது முந்தி வரவேண்டும், எது பிந்தி வரவேண்டும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆகவே வாரம் ஒரு நாட்டின் உணவாகத் தம் நாக்கைச் சோதித்து வந்தார்.

வீட்டில் சோதித்திருக்கலாமே என்று எவரும் கேட்கலாம். தேநீரில் சர்க்கரை தித்தித்தது. உப்புக்கல்லை நாக்கில் வைத்தால் கரித்தது. அவற்றை அவர் ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

"உப்பு கரிக்கிறது ஆட்டுக்குக்கூடத் தெரியும். இன்னொருத்தர் சமைச்சு முடிச்சதைச் சாப்பிட்டு, உள்ளே என்னென்ன இருக்குன்னு பிரிச்சுச் சொல்லணும். அதுக்குப் பேருதான் நாக்கு" என்பார். கப்பலில் தமக்குக் கீழே ஆள் எடுத்தபோதெல்லாம் அவர் வைத்த தேர்வு அதுவே. தமக்கென்று அதைத் தளர்த்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

அந்தத் தேர்வில் ஒவ்வொரு வாரமும் தோற்றார். லெபனான்காரர் தந்த கொண்டைக்கடலை மசியல் சுண்ணாம்பைக் குழைத்தாற்போல் இருந்தது. பெரு நாட்டு மீன் ஈரத்துணியை மென்றாற்போல் இருந்தது. மேசையைச் சுற்றி எழுந்த மணம் மூக்குவரை வந்து, நாக்கைக் கண்டதும் திரும்பிப் போய்விட்டது. பக்கத்தில் மைத்துனரோ, "அத்தான், காரம் உச்சந்தலையைப் பிளக்குது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் கேட்டு வாங்கி உண்பார். உணவகத்தில் இடம் சொல்லி வைப்பதும் இன்னது வேண்டுமென்று கேட்பதும் மனைவியின் பொறுப்பு. அகப்பையார் கரண்டியைக் கீழே வைக்கும்போதெல்லாம் அவள் அவருடைய முழங்கையைத் தொட்டு, "போகட்டும், விடுங்க. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பாள். அந்த ஓராண்டில் அவருக்குப் பிடிமானமாக இருந்தது அந்தத் தொடுகை ஒன்றுதான்.

கடைசிச் சனிக்கிழமையன்று தாய்லாந்து உணவகத்துக்குச் சென்றனர். புளிப்பும் காரமுமான இறால் சாறு மூன்று கிண்ணங்களில் வந்தது. பரிமாறிய பெண் வேலைக்குப் புதியவள் போலும். எது எவருக்கு என்று சற்றே தயங்கி, பிறகு வைத்துவிட்டுப் போனாள்.

அகப்பையார் ஒரு கரண்டி எடுத்து விழுங்கினார்.

எலுமிச்சம்புல் முந்தி வந்தது. அதன் பின்னே புளிப்பு, அதன் பின்னே நொதித்த மீன்சாற்றின் உவர்ப்பு. மிளகாய் நிதானமாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. அடியில் இன்னும் ஒன்று இருந்தது. இறால் தலைகளை வறுத்துச் சாறு எடுத்திருக்கிறார்கள். வறுத்தவர் அடுப்பைச் சற்றுப் பிந்தி அணைத்திருக்கிறார்.

"வந்துடுச்சு" என்றார். "ஏம்மா, வந்துடுச்சு! இறால் தலையைக் கருக விட்டுட்டாங்க. ரொம்ப இல்ல, லேசாத்தான். ஆனா கருகிடுச்சு!"

அவள் சிரிப்பாள் அல்லது அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ பரிமாறிய பெண் சென்ற திசையைத் திரும்பிப் பார்த்தாள். மைத்துனர் தம் கிண்ணத்தின்மேல் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

மகிழ்ச்சி தாளாமல் அவர் மனைவியின் கிண்ணத்திலும் ஒரு கரண்டி எடுத்துப் பருகினார். வெறும் வெந்நீர். வந்த நாக்கு அதற்குள் போய்விட்டதோ? தம் கிண்ணத்திலிருந்து மறுபடி எடுத்தார், எல்லாம் இருந்தன. அவளுடையதில் எடுத்தார், ஒன்றும் இல்லை. மூன்றாம் முறை நீண்ட கை நடுவழியிலேயே நின்றது.

அதற்குள் அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"ஐயா, மன்னிச்சுக்கங்க, கிண்ணம் மாறிப்போச்சு. அம்மாகிட்ட இருக்கிறதுதான் உங்களோடது. உப்பு, புளிப்பு, காரம் எதுவும் இல்லாம, வேகவச்சு அலசின இறாலை வெறும் வெந்நீர்ல போட்டது. நிறத்துக்கு மட்டும் காரட் அரைச்சு விட்டிருக்கு. பார்க்க ஒரே மாதிரி இருக்கணும்னு அம்மாதான் போன்ல சொன்னாங்களாம். அதான் குழம்பிட்டேன்."

"பரவாயில்லம்மா" என்றார் அகப்பையார். "நீ சரியாத்தான் வச்சிருக்கே."

அவள் புரியாமல் போனாள். அகப்பையார் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கடையிலேர்ந்து?"

"முதல் கடையிலேர்ந்து" என்றாள் மனைவி.

"வீட்டுல?"

"வீட்டுலயும்தான்."

மைத்துனர் தொண்டையைச் செருமினார். "அத்தான், அக்கா ஒண்ணும் கெட்ட எண்ணத்துல..."

"நீ வாயில இருக்கிறதை முழுங்கிட்டுப் பேசு மச்சான். வாராவாரம் உச்சந்தலை பிளந்துச்சே, அது என் காதுல விழட்டும்னுதானே?"

"ஐயோ இல்ல அத்தான். அது நிஜமாவே காரம்."

வேறொரு நாளாயிருந்தால் மூவரும் சிரித்திருப்பர்.

மனைவி கைக்குட்டையை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். "காய்ச்சலப்போ டாக்டர்தான் சப்புன்னு குடுக்கச் சொன்னாரு. குடுத்தேன். ருசியே தெரியலன்னு நீங்க வீட்டோட உக்காந்துட்டீங்க. காலையில கண்ணைத் திறந்தா நீங்க பக்கத்துல இருந்தீங்க. எனக்கு அது புதுசு. அப்புறம் உப்புப் போடக் கை வரல."

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் சொன்னேன். நீங்க பெட்டியைப் பூட்டிக்கிட்டே கேட்டீங்க."

அவள் சொன்னது உண்மையென்பதை அவர் அறிவார். ஆயினும் அவரைத் தைத்தது வேறொன்று.

"போன வாரம் வீட்டுக்கு வந்து நான் அழுதேன். முப்பது வருஷம் அடுப்புக்கு முன்னால நின்னவன், இனி எதுக்கு ஆவேன்னு கேட்டு அழுதேன். நீதான் முகத்தைத் துடைச்சுவிட்டே. அப்பக்கூட உனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணிச்சு" என்றாள் அவள். "துடைச்சு முடிச்சதும் போயிடுச்சு."

மைத்துனர் எழுந்து, காற்று வேண்டுமென்று முணுமுணுத்தபடி வெளியே சென்றார். மனைவியின் கை பழக்கத்தால் அகப்பையாரின் முழங்கையை நோக்கி நீண்டது. அவர் கையை விலக்கவில்லை, பிடிக்கவும் இல்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

அகப்பையார் தம் சாற்றை ஆறவிடாமல், ஒரு கரண்டிகூட மிச்சமின்றிப் பருகி முடித்தார். கருகல் நாக்கில் கடைசிவரை தெரிந்தது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து, கோபமில்லாத குரலில் சொன்னார்.

"திங்கட்கிழமை கம்பெனிக்குப் போறேன். வர்றேன்னு சொல்லிடப்போறேன்."