வெளியூர் போய் வருகிறவர்

அந்த வீட்டில் ‘வெளியூர்’ என்றால் பஸ் ஏறிப் போகிற ஊர் இல்லை. வீட்டுக்காரர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். பேசிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் பாதியில் நின்றுவிடுவார். கண் எங்கேயோ குத்திட்டு நிற்கும். வாயில் மிட்டாய் இருப்பதுபோல் உதடு சப்புக்கொட்டும். வலது கை சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் திருகும். அரை நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம். கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்துவிட்டு, "என்ன கேட்டே?" என்பார்.

"அப்பா வெளியூர் போயிட்டாரு" என்று முதலில் சொன்னது அவர் மனைவிதான். மகளுக்கு அப்போது எட்டு வயது. விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்குத் தொடங்கிய சிரிப்பு பதினோரு வருஷம் ஓடியது.

மனைவி பெரிய வாயாடி. கடைத்தெருவில் பழைய துணிகளைத் திருத்திக் கொடுக்கிற ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது. கை தைத்துக்கொண்டிருக்கும், வாய் யாரையாவது கிழித்துக்கொண்டிருக்கும். சொந்தக்காரர்கள் கூடினால் போதும், "அத்தை, மாமா வெளியூர் போறதைச் செஞ்சு காட்டுங்க" என்று சின்னதுகள் நச்சரிக்கும். அவளும் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை நிறுத்தி, உதட்டைச் சப்பி, பொத்தானைத் திருகிக் காட்டுவாள். கூடமே குலுங்கும். முதலில் சிரிக்கிறவர் அவர்தான். தான் அப்படி இருப்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை, பாவம். அவள் காட்டித்தான் பார்த்தார்.

இதில் அவளுக்கு இருந்த ஒரே தொந்தரவு அந்தப் பொத்தான். மாதத்துக்கு ஒன்றாவது அறுந்து விழும். ஊருக்கெல்லாம் தைக்கிறவள் கட்டியவனுக்குத் தைக்க மாட்டாளா? கடைசியில் அலுத்துப்போய், அவருடைய எல்லாச் சட்டைகளிலும் இரண்டாவது பொத்தானை மட்டும் நாலு இழை நூலால், உள்பக்கம் இன்னொரு குட்டிப் பொத்தானை அண்டக்கொடுத்து, இறுக்கித் தைத்துவிட்டாள். யானையைக் கட்டி இழுத்தாலும் வராது என்று பெருமை வேறு. தையல்காரியின் புத்தி அப்படி. எங்கே அறுந்தாலும் நூலைத்தான் குறை சொல்லும். ஏன் அறுகிறது என்று ஒருநாளும் அவள் கேட்கவில்லை.

அவர் கேட்டார். விபத்துக்கு இரண்டு வருஷம் முன்னால், மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு புரியல எனக்கு. இப்பதான் குடுத்தே. வாயில வெக்கறதுக்குள்ள ஏடு கட்டிக் கிடக்கு. போன வாரம் வேலையிலயும் இப்படித்தான். டாக்டரைப் பாக்கலாமா?"

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது? எங்க வீட்டுக்காரரு பராக்கு பாக்கறாருன்னா?" என்றாள் அவள். "வெளியூர் போயிட்டு வர்றவருக்கு யாருங்க டீயைச் சூடா வெச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்க?"

அவரும் சிரித்துவிட்டார். அவள் டீயைச் சூடு பண்ணிக் கொடுத்தாள். பேச்சு அதோடு முடிந்தது. விளையாட்டு வினையாகும் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த விளையாட்டு என்றுதான் யாருக்கும் தெரிவதில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால், காலை எட்டரை மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில் அவருடைய கார் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் நடைபாதையில் ஏறியது. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு கணக்கு டீச்சர் அங்கேயே இறந்துபோனாள். காரைத் திறந்தவர்கள் அவர் கைகால் வெட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை" என்றார் அவர். "இல்லவே இல்ல, டாக்டர்" என்றாள் அவளும். அவள் பொய் சொல்லவில்லை. வலிப்பு என்றால் கீழே விழுவது, நுரை தள்ளுவது. அதுதான் அவளுக்குத் தெரிந்தது. சட்டைப் பொத்தானைத் திருகுவதற்கெல்லாம் அந்தப் பெயர் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அந்த வருஷம் ஊரில் அது மூன்றாவது விபத்து. மூன்றிலும் ஓட்டியவருக்கு வலிப்பு. மூன்றிலும் முதல் தடவை. ஊர் சும்மா இருக்குமா? டிவியில் ராத்திரி பகல் இதே பேச்சு. ஓட்டுகிற எல்லாருக்கும் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் ஒருவர். அவருடைய தலையை முதலில் எடுக்கச் சொன்னார் இன்னொருவர். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அவளைத் தெரிந்தவர்கள் கடைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். தெரியாதவர்கள் கடையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார்கள்.

"முதல் தடவையாம், முதல் தடவை!" என்றார் ஜிப் மாற்ற வந்த பேங்க் குமாஸ்தா. "மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் முதல் தடவைதான்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றார் கால்சட்டைக்காகக் காத்திருந்த பழைய பஸ் டிரைவர். "முப்பது வருஷம் ஓட்டினவன் சொல்றேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்தா எவனால என்ன பண்ண முடியும்? நாளைக்கு உங்களுக்கே வரலாம்."

பள்ளிக்கூடச் சீருடையை இறக்கிவிடச் சொல்லிக் கொண்டுவந்த அம்மாள் ஒருத்தி அதுவரை பேசாமல் இருந்தாள். "என் பெரிய பையனுக்கு இருக்குதுங்க" என்றாள். "சும்மா முழிச்சுக்கிட்டு நிப்பான், அவ்வளவுதான். காலாகாலத்துல காட்டினோம். மூணு வருஷமா மாத்திரை போடறான், ஒரு தடவைகூட வரல. டாக்டரே வண்டி ஓட்டலாம்னு எழுதிக் குடுத்திருக்காரு. இப்ப இந்த டிவியைப் பாத்துட்டு ஆபீஸ்ல அவன்கூட ஒரே மேஜையில உக்கார மாட்டேங்கறாங்க. யாரோ ஒருத்தர் காட்டாம விட்டதுக்கு என் பையனா பதில் சொல்லணும்?"

மெஷினில் துணி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் காலை எடுக்க மறந்துபோனாள். சீருடையின் ஓரம் தாண்டி, மடிப்பு தாண்டி, ஊசி கோணல்மாணலாக ஓடி நின்றது.

"முழிச்சுக்கிட்டுன்னா... எப்படிங்க?" என்று கேட்டாள்.

"கண்ணு ஒரே இடத்துல நிக்கும். வாயை மென்னுக்கிட்டே இருப்பான். கையில எது கெடைச்சாலும் அதைப் பிசைஞ்சுக்கிட்டு. நாங்ககூட மொதல்ல கனா காண்றான்னுதான் நெனச்சோம்."

அன்றைக்குக் கடையை மத்தியானமே சாத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து அவருடைய சட்டைகளையெல்லாம் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிலில் பரப்பினாள். பதினோரு சட்டை. பதினொன்றிலும் இரண்டாவது பொத்தான் நாலு இழையில் கல் மாதிரி நின்றது. அவளே தைத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

வேறு ஊரில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"அம்மா, எனக்கு அது எப்பவோ தெரியும்" என்றாள் மகள். "விபத்து நடந்த அன்னிக்கே அது என்னன்னு போன்ல தேடிப் பாத்தேன். என் பொறந்தநாள் வீடியோ ஒண்ணு இருந்துச்சில்ல, நான் கேக் வெட்டும்போது அப்பா வெளியூர் போவாரே, நாம எல்லாரும் கைதட்டுவோமே? அதை அழிச்சிட்டேன்."

"ஏன்டி?"

"ஏன்னா கேக்கறே? அந்த டீச்சர் திரும்பி வரப் போறதில்ல. அப்பா உள்ள போனா யாருக்கு என்ன லாபம்? நீ வாயைத் திறக்காதே, அம்மா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை திறக்காதே."

வக்கீலும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார், காரணம் தெரியாமலே. விசாரணைக்கு முந்தின நாள் ஒற்றை விரலை நீட்டி, "மொத்தக் கேஸும் ரெண்டே வார்த்தைலதான் நிக்குது: முதல் தடவை" என்றார். "முன்னாடியே வந்திருந்தா, தெரிஞ்சும் ஓட்டினார்னு ஆயிடும். வரல. அதனால நிம்மதியாப் போய்த் தூங்குங்க." அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கியும் இருப்பார்.

வீட்டுக்காரரிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான்கு மாதமாக டீச்சரின் பள்ளிக்கூடம் இருக்கிற திசையைப் பார்த்துக்கூட அவர் உட்காருவதில்லை. எனக்கே தெரியாமல் வந்தது, என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்ற ஒரே ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடவே செய்தார். அந்தப் பிடியையும் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

விசாரணை அலுவலகத்தின் முன்கூடத்தில் நீளமான மர பெஞ்சு ஒன்று இருந்தது. அதன் மறுகோடியில் டீச்சரின் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரை டிவியில் பார்த்திருக்கிறாள். எல்லாரும் கத்திக்கொண்டிருந்த நிகழ்ச்சியில் அவர் மட்டும் மெதுவாக, "யாரும் ஜெயிலுக்குப் போகணும்னு நான் கேக்கல. நிஜமாவே முதல் தடவைதானான்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்று சொல்லியிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் பட்டது அவருடைய கால்சட்டை. இடது கால் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. மடித்து ஒரு சேஃப்டி பின் குத்தியிருந்தார், அதுவும் வெளிப்பக்கமாக.

ஐந்து நிமிஷ வேலை. ஊசியும் நூலும் அவள் பையிலேயே இருந்தன. கொடுங்கள், தைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாய் துடித்தது. எந்த முகத்தோடு சொல்வது? உள்ளே கூப்பிடும்வரை அந்தப் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி. வக்கீல் ஒரு பக்கம், டீச்சரின் கணவர் ஒரு பக்கம். அதிகாரி வழக்கமான கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாவது? மயக்கம், நினைவு தப்பறது?"

"இல்ல சார். இதுதான் முதல் தடவை" என்றார் மெக்கானிக். பிறகு, யாரும் கேட்காமலே, மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். "வேணும்னா இவளைக் கேளுங்க. இவளுக்குத் தெரியாம எனக்கு ஒரு தும்மல்கூட வராது."

வக்கீல் திருப்தியாகத் தலையாட்டினார். அதிகாரி அவளைப் பார்த்தார்.

"முதல் தடவைதானே, அம்மா?"

ஆமாம் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மகள் அதைத்தான் கேட்டாள். அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல சார்."

வக்கீல் பாதி எழுந்துவிட்டார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "எத்தனை தடவை?"

"கணக்கு வெச்சுக்கல சார். பதினோரு வருஷமா. அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். எனக்கும் அது இதுதான்னு தெரியாது."

"எனக்குப் புரியல. என்ன செய்வார்? சொல்லுங்க."

வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவளுக்கு அன்றைக்கு வாய் கட்டிப்போயிற்று. அதனால் தெரிந்ததைச் செய்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணைச் சுவரில் ஒரே இடத்தில் நிறுத்தினாள். உதட்டைச் சப்பினாள். வலது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், இல்லாத ஒரு பொத்தானைத் திருகினாள், திருகினாள், திருகிக்கொண்டே இருந்தாள். சொந்தக்காரர்கள் வீடுகளில் எத்தனையோ முறை செய்தது. கொஞ்சமும் பிசகாமல் வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீச்சரின் கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் கையை இறக்கிவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்காரர் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பொத்தானை விரலால் மெதுவாகத் தொட்டார்.

"அந்த டீ" என்றார். "ஏடு கட்டியிருந்துச்சே. டாக்டரைப் பாக்கலாமான்னு நான் கேட்டேனே உன்கிட்ட."

"ஆமாங்க. கேட்டீங்க."

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அதிகாரியின் பேனா தாளுக்கு மேலே நின்றது. வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சாட்சியை அவர் எழுதியிருக்க மாட்டார். "இதையும் எழுதிக்கவா, அம்மா?" என்று தயக்கத்தோடு கேட்டார்.

"எழுதுங்க சார்" என்றாள். "அவர் கேட்டாரு. நான் சிரிச்சேன்."